பேட்டரி இல்லாத சூரிய மின்சாரம்: வெயிலுக்கு வீட்டைப் பழக்கிய அனுபவம்

திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மின் இணைப்பு, காலமாகிவிட்ட என் தந்தையின் பெயரிலேயே பல ஆண்டுகள் இருந்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தபோது, இரண்டு மாதத்திற்கு 570 யூனிட் அளவில் செலவழிக்கும் எங்கள் வீட்டிற்கு ரூ. 2,510 வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மொட்டை மாடியில் சூரிய மின் பேனல்கள் போடலாம் என்ற எண்ணம் தோன்றியது. உபரி மின்சாரத்தை வெளியே அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ள நெட் மீட்டர் வேண்டும். நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்க இணைப்பு என் பெயரில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு வாரிசுச் சான்றிதழோடு அக்காவும் கத்தாரில் இருக்கும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். தம்பி விடுமுறையில் வரும்போது கையெழுத்திடுகிறேன் என்றான். அவன் வருகை இரண்டு முறை தள்ளிப்போனது.

எனக்குப் பொறுமை இல்லை. 2023 ஜனவரியில், 540 வாட் பேனல்கள் நான்கும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி வெளி மின்சாரத்தோடு இணைந்தே ஓடும் 2 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஒன்றுமாக, ஏறத்தாழ ரூ. 1,28,000 செலவில் அமைப்பைப் போட்டுக்கொண்டேன். பேட்டரி வைக்கவில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஒரு பொருளுக்குப் பணத்தைக் கட்டிப்போட எனக்கு மனமில்லை. வெளியே ஒரு யூனிட்டும் போகாதபடி, வீட்டிற்குள் வரும் முதன்மைக் கம்பியைச் சுற்றி ஓர் உணரியைக் கவ்வவிட்டு, அது சொல்லும் அளவுக்கு இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தோம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்கினேன். இதைப் படித்துவிட்டு யாரேனும் செய்ய நினைத்தால், முதலில் அங்கே போய்க் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த ஏற்பாட்டின் தன்மையைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. வீட்டில் 300 வாட் மட்டும் தேவைப்படும் நேரத்தில், மேலே 1,700 வாட் கொடுக்கக்கூடிய வெயில் அடித்தாலும், இன்வெர்ட்டர் பேனல்களிடமிருந்து 300 வாட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். மீதி 1,400 வாட் எங்கும் போய்த் தொலைவதில்லை, அது பிறப்பதே இல்லை. ஆகவே, பேட்டரியும் இல்லாமல் வெளியே அனுப்பவும் வழியில்லாமல் இருக்கும் வீட்டில், எத்தனை யூனிட் உற்பத்தியாகும் என்பது விற்பனையாளர் சொல்லும் எண் மட்டுமே. அந்தந்த நொடியில் வீடு எவ்வளவு கேட்கிறது என்பதுதான் உண்மையான கணக்கு.

முதல் பத்து நாட்களில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அமைப்பைப் பொருத்தியவர்கள் உணரியை மாட்டினார்களே தவிர, இன்வெர்ட்டரின் செயலிக்குள் வெளியேற்றத்தைத் தடுக்கும் அமைவை இயக்கத்தில் வைக்க மறந்துவிட்டார்கள். ஒரு நாள் நண்பகலில் மீட்டரின் முன் நின்றேன். வீட்டில் மின்விசிறி ஒன்றும் ஃபிரிட்ஜும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. மீட்டரின் சிவப்பு விளக்கோ நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் துடித்துக்கொண்டிருந்தது. மேகம் ஒன்று சூரியனை மறைத்தது, துடிப்பு தளர்ந்தது. மேகம் விலகியதும் மறுபடி வேகம் பிடித்தது. வெயில் ஏற ஏற மீட்டர் வேகமாக ஓடுகிறது என்றால் என்ன பொருள்? மின்சாரம் வெளியே போய்க்கொண்டிருந்தது. பழைய மீட்டரோ எந்தத் திசையில் ஓடினாலும் அதைப் பயன்பாடாகவே எண்ணிக்கொண்டிருந்தது. மின் திருட்டைத் தடுப்பதற்காகவே பல மின்னணு மீட்டர்கள் அப்படி அமைக்கப்படுகின்றன. என் கூரையில் விளைந்ததை ஊருக்கு இலவசமாகக் கொடுத்து, அதற்குக் கட்டணமும் நானே கட்டவிருந்தேன்.

தகவல் சொன்னதும் ஒரு இளைஞர் வந்து அமைவைச் சரிசெய்துவிட்டுப் போனார். மறுநாள் உற்பத்தி பூஜ்யம். கொளுத்தும் வெயில், இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு, உற்பத்தி மட்டும் இல்லை. உணரியின் மேல் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அது காட்ட வேண்டிய திசைக்கு எதிராக மாட்டப்பட்டிருந்தது. வீடு வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும்போதெல்லாம், வெளியே போகிறது என்று அது இன்வெர்ட்டரிடம் பொய் சொல்ல, இன்வெர்ட்டரும் நல்ல பிள்ளையாக உற்பத்தியை நிறுத்திக்கொண்டே இருந்தது. கழற்றித் திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. தடுப்பு இயங்காமல் இருந்த நாட்களில் இந்தத் திசைத் தவறு வெளியே தெரியவில்லை. ஒரு தவறு மற்றொன்றை மறைத்திருந்தது. புதிதாகப் போடுகிறவர்கள், பொருத்தியவர் கிளம்பும் முன்பே, நண்பகல் வெயிலில் பெரிய சுமை ஒன்றைப் போட்டும் எடுத்தும் மீட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

மீட்டரின் அந்தச் சிவப்பு விளக்குதான் பிறகு எனக்கு நல்ல கருவியாயிற்று. எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதாவது, 1,125 என்ற எண்ணை இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால், அந்த நேரத்துச் சுமை வாட் கணக்கில் கிடைத்துவிடும். பத்து துடிப்புகளை எண்ணிச் சராசரி எடுத்தால் பிழை குறையும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வரும் விடையை 1,125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை மீட்டர் பெட்டியின் அருகே தொங்கவிட்டு, ஒரு வாரம் மணிக்கு ஒருமுறை குறித்தேன். இரவு இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் ஓய்ந்திருந்த நேரத்தில் துடிப்புக்குத் துடிப்பு பதினோரு நொடி. ஏறத்தாழ 100 வாட். எல்லோரும் தூங்கும்போதும் அதைத் தின்றுகொண்டிருந்தவை இணைய ரவுட்டர், தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி, கண்காணிப்புக் கேமராக்கள், அணைத்தும் அணையாத சில கருவிகள். பகலில் மின்விசிறிகளும் ஃபிரிட்ஜும் சேர்ந்து சராசரியாக 250 வாட். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை இந்த அடிச்சுமை மட்டுமே இரண்டேகால் யூனிட் ஆகிவிடுகிறது. எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல் நாங்கள் நாளொன்றுக்கு எடுத்துக்கொண்ட சூரிய மின்சாரம் இரண்டரை யூனிட்தான். நான்கு பேனல்கள் தரக்கூடியதோ எட்டு யூனிட்டுக்குக் குறையாது.

இந்த ஒரு வாரக் கணக்கைப் பேனல் வாங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பது என் முதல் வருத்தம். எடுத்திருந்தால் நான்கு பேனல்களுக்குப் பதில் இரண்டோ மூன்றோ போட்டிருப்பேன்.

வெயில் தரும் மின்சாரத்திற்கு ஒரு வடிவம் உண்டு. எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் காட்டும் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ பன்னிரண்டேகாலுக்கு. தெளிவான நாளில் ஒன்பது மணிக்கு 800 வாட், பத்துக்கு 1,200, உச்சியில் 1,700, பிறகு இரண்டரை மணிக்கு 1,200 என்று மேடு போல ஏறி இறங்கும். 2,160 வாட் என்று விற்ற பேனல்கள் உச்சி வெயிலிலும் 2,160 கொடுப்பதில்லை. பேனல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போது அளந்த எண் அது. எங்கள் மாடியில் அதன் சூடு 60 பாகையைத் தொடுகிறது. ஒவ்வொரு பாகைக்கும் மூன்றில் ஒரு சதவீதத்திற்குச் சற்று மேல் குறைகிறது. அதனால் மே மாத அக்னி நட்சத்திரத்தைவிட பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்களுக்கு நல்ல உற்பத்தி. பேனல்களை மேற்குப் பக்கம் திருப்பினால் மாலைச் சுமைக்கு உதவும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சாய்வு பத்துப் பாகைதான் என்னும்போது, சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது என்ற கணக்கில், உச்சம் நாற்பது நிமிடம் தள்ளிப்போவதோடு சரி. மாலை ஏழு மணிக்கு எரியும் விளக்குக்கு அது எந்த வகையிலும் உதவாது. நான் திருப்பவில்லை.

ஆகவே மாற வேண்டியது வீடுதான். இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். எந்தக் கருவி அதிகம் சத்தம் போடுகிறதோ அதுதான் அதிகம் மின்சாரம் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முதல் வேலையாக அம்மாவின் கிரைண்டரில் கை வைத்தேன். எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு அரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் இட்லி ஊற்றுவது வழக்கம். நான் அதை நண்பகலுக்கு மாற்றச் சொன்னேன். திருச்சி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு அரைத்த மாவு இரவு எட்டு மணிக்கே பொங்கி வழிந்தது. மறுநாள் இட்லி புளித்தது. ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றேன். "உன் வெயிலுக்கு நான் ஏன்டா புளிச்ச இட்லி சாப்பிடணும்?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து கிரைண்டரைத் தனியாக ஓடவிட்டு, மீட்டர் முன் நின்று எண்ணிப் பார்த்தேன்: 150 வாட், நாற்பது நிமிடம், மொத்தம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது காசுக்காக வீட்டில் பதினைந்து நாள் சண்டை நடந்திருக்கிறது. கிரைண்டர் அன்றே மாலை ஆறு மணிக்குத் திரும்பிவிட்டது.

உண்மையான தீனிக்காரர்கள் வேறு. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்று சொன்னாலும் வாங்குவது 1,100 வாட். மேல்நிலைத் தொட்டி நிறைய முப்பத்தைந்து நிமிடம் ஆகும். முன்பு காலை ஆறு மணிக்குப் போடுவோம், இப்போது பதினொன்றரைக்கு. இதில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் தண்ணீர் தொட்டியில் காத்திருக்கும். பேட்டரி இல்லாத வீட்டில் தொட்டிதான் பேட்டரி. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஆன்-கிரிட் அமைப்பில் அந்த இழுப்பை வெளி மின்சாரம் தாங்கிக்கொள்கிறது என்பதால் இன்வெர்ட்டருக்கு வில்லங்கம் இல்லை. வாஷிங் மெஷின் ஒன்பதரைக்கு, இஸ்திரிப் பெட்டி விடுமுறை நாள் நண்பகலில் என்று மாற்றியதும் எளிதாகவே பழகிவிட்டது. ஆனால் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஒன்றன் பின் ஒன்றாக ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 2,000 வாட்டைத் தாண்டும், மேட்டின் உச்சிக்கு மேலே நிற்கும் பகுதி வெளியிலிருந்து வரும்.

இந்த உயரக் கணக்கை எனக்கு நன்றாக விளக்கியது கீசர். பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 55-க்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை யூனிட் வேண்டும். எங்கள் கீசர் 2,000 வாட். பதினான்கு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். பத்து மணிக்கு வெயில் தருவது 1,200 வாட், அதில் அடிச்சுமைக்குப் போனது போக மீதிதான் கீசருக்கு. ஆக, பாதிக்கும் மேல் வெளியிலிருந்தே வாங்குகிறோம். அதே வேலையை 800 வாட்டில் முப்பத்தைந்து நிமிடம் செய்யும் கருவி இருந்தால் முழுவதும் வெயிலிலேயே முடிந்துவிடும். யூனிட் ஒன்றுதான், ஒல்லியாக உயர்ந்து நிற்கிற சுமையைவிடத் தாழ்ந்து நீண்டு படுக்கிற சுமை வெயிலுக்கு ஒத்துப்போகிறது. அம்மா குளிப்பது பதினொன்றரைக்கு என்பதால் அவர் தண்ணீரை மட்டும் பதினொன்றுக்குப் போடுகிறோம். காலை ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் மகளுக்கு வெயில் உதவாது. அவளைச் சாயங்காலம் குளிக்கச் சொல்லும் அளவுக்கு நான் போகவில்லை.

ரைஸ் குக்கர் இதே காரணத்தால் நல்ல கருவி: 700 வாட், அரை மணி நேரம், நேராக வாங்கும். மதியச் சோற்றை அதற்கு மாற்றியதில் மிச்சமானது மின்சாரம் அல்ல, சிலிண்டர். இண்டக்‌ஷன் அடுப்பு அப்படியல்ல. தணலைக் குறைத்து 400 வாட்டில் வைத்தாலும், எங்கள் அடுப்பு 400 வாட்டைத் தொடர்ந்து வாங்காமல், 1,000 வாட்டுக்கு மேல் சில நொடி வாங்கிச் சில நொடி நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உணரி கவனித்து, இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைப்பதற்கு இரண்டு மூன்று நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் வெளியே கசிகிறது, பழைய மீட்டர் அதையும் என் கணக்கில் எழுதுகிறது. ஒரு கசிவு மிகச் சிறியது. ஆனால் பத்து நிமிடம் சாம்பார் கொதிக்கும்போது நூறு முறை கசிந்தால் சேர்ந்துவிடும். எப்போதும் 50 வாட் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும்படி செயலியில் அமைத்த பிறகு சிறு கசிவுகள் நின்றன. இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

என் மனைவியின் மின்சார ஸ்கூட்டர்தான் காகிதத்தில் மிகச் சிறந்த சுமை: 750 வாட், மூன்று மணி நேரம், சீராக வாங்கும். என்ன செய்வது, வெயில் அடிக்கும் நேரம் முழுக்க அது அவர் வேலை செய்யும் பள்ளியின் புளியமரத்தடியில் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில் மட்டும் வீட்டு வெயிலில் சார்ஜ் ஏறும்.

ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, பகலில் உறையவைத்து, மாலையில் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது என்ற யோசனையையும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். இரண்டு லிட்டர் பனிக்கட்டிக்கு மிச்சமாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விட்டுவிட்டேன். பிற்பகலில் அம்மா படுக்கும் அறைக்கு ஏ.சி. போடுவது வேறு வகை. முன்பு அந்த நேரத்தில் நாங்கள் ஏ.சி. போட்டதே இல்லை, ஆகவே அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுத முடியாது. பிறக்காமல் போகவிருந்த மின்சாரத்தில் எழுபத்தெட்டு வயதுக்காரர் ஏப்ரல் பிற்பகலில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பது வேறு கணக்கு, அதை நான் தனியாகவே வைத்திருக்கிறேன்.

பணக் கணக்குக்கு வருகிறேன். பழக்கங்களை மாற்றிய பிறகு, நாளொன்றுக்கு வெளியிலிருந்து வாங்குவது நான்கரை யூனிட் குறைந்தது. இரண்டு மாதத்திற்கு 570 என்று இருந்தது 300 ஆயிற்று. அப்போதைய கட்டணப்படி ரூ. 2,510 என்பது ரூ. 675 ஆக இறங்கியது. இதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எதையுமே மாற்றாமல் இருந்திருந்தாலும் 420 யூனிட்டில் ரூ. 1,245 தான் வந்திருக்கும். அதாவது, அடிச்சுமை தானாக எடுத்துக்கொண்ட முதல் 150 யூனிட் மிச்சப்படுத்தியது ரூ. 1,265, நாங்கள் நேரம் பார்த்துப் பாடுபட்டுச் சேர்த்த அடுத்த 120 யூனிட் மிச்சப்படுத்தியது ரூ. 570. நம் கட்டணம் படிப்படியாக ஏறும் தன்மை உடையது; அன்றைய கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் மேல்படியின் விலை கூடுவதோடு கீழ்ப்படிச் சலுகையும் போய்விடும். வெயில் முதலில் வெட்டுவது விலை உயர்ந்த மேல்படியை. அடுத்தடுத்து வெட்டுவதெல்லாம் மலிவானவை. 500-க்கு மேல் செலவழிக்கும் வீட்டிற்குச் சிறிய அமைப்பே பெரும்பாலான பலனைத் தந்துவிடுகிறது. ஏற்கெனவே 250 யூனிட்டில் இருக்கும் வீட்டிற்கு இது எதற்கு என்றுதான் கேட்பேன். எங்களுக்கே போட்ட பணம் திரும்பி வரப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும்.

பேட்டரி இல்லாததால் வரும் ஒரு சங்கடத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. மின்தடை வந்தால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு நம் கூரையிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தம் வருவது காலை ஒன்பது மணிக்குப் பிறகு, அதாவது சரியாக நம் அறுவடை நேரத்தில். உச்சி வெயிலில் பேனல்கள் தகதகக்க, கீழே விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த அறிவிப்பு வந்த நாளில் மட்டும் மோட்டாரை முன்பு போல அதிகாலையிலேயே போட்டுவிட வேண்டும். ஒருமுறை மறந்து, மாலை வரை தண்ணீர் இல்லாமல் இருந்தோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நேர அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை.

மதுரையில் அக்கா வீட்டிற்கு இதே அமைப்பைப் போட ஆசைப்பட்டபோது, அவர்களுடையது மும்முனை இணைப்பு என்பதால், முதலில் எந்தச் சுமை எந்த முனையில் இருக்கிறது என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒரு முனையில், ஒருமுனை இன்வெர்ட்டர் இன்னொரு முனையில் என்றால், பேனல்கள் சும்மா கிடக்க மோட்டார் வெளியிலிருந்தே குடிக்கும். அவர்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. பகல் சுமைகளை ஒரே முனைக்கு மாற்றிக் கட்டிய பிறகுதான் வேலை தொடங்கியது.

நான் இதையெல்லாம் செய்து முடித்த மறு ஆண்டு, 2024 பிப்ரவரியில், ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது. நெட் மீட்டரோடு போடுகிறவர்களுக்கு 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000 மானியம். தம்பியின் கையெழுத்துக்கு ஓராண்டு காத்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும். இணைப்பு தங்கள் பெயரில் இருப்பவர்கள் என் வழியில் வர வேண்டியதில்லை. மானியத்தையும் நெட் மீட்டரையும் வாங்கிக்கொண்டு, மாவை மாலையிலேயே அரைக்கலாம். பெயர் மாற்றத்தை மட்டும் இன்றே தொடங்கிவிடுங்கள், குடும்பத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிற காலத்திலேயே.

தம்பி சென்ற பொங்கலுக்கு வந்து கையெழுத்திட்டான். இணைப்பு இப்போது என் பெயரில் இருக்கிறது, நெட் மீட்டருக்கும் விண்ணப்பித்துவிட்டேன். இனிமேல் எதற்கு அந்தத் தடுப்பு, செயலியில் எடுத்துவிடலாமே என்று அதே இளைஞர் தொலைபேசியில் கேட்டார். புதிய மீட்டரைப் பொருத்தி, முத்திரை வைத்து, நண்பகலில் நான் ஒருமுறை அதன் முன் நின்று பார்க்கும் வரை அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.